மூன்றாம் பேர்

எங்கள் ஊரை எரிக்கவில்லை அவர்கள்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
எரிந்த ஊர்க்காரிகள் என்னோடு சண்டைக்கு வருமுன்.
எண்ணினார்கள். அவ்வளவுதான்.

கோதுமை அடித்து முடித்த வாரம்.
கிழக்கிலிருந்து வந்த எழுத்தனுக்குச் சளி;
வெந்நீர் கேட்டான், கொடுத்தேன்.
அவன் எழுத்து மழைபோல
மேலிருந்து கீழே இறங்கியது.
வாசலில் நின்ற படையாள் பல்வலியில்
கன்னத்தைப் பிடித்திருந்தான்,
பதினாறு வயது இருந்தால் அதிகம்.
இவர்களிடமா நிஷாப்பூர் விழுந்தது என்று
ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது எனக்கு.

பத்துப் பத்துத் தலைக்கட்டாக
எங்களை முடிந்தார்கள்,
வெங்காயத்தைத் தாளோடு பின்னித் தொங்கவிடுவதுபோல்.
எங்கள் பத்தில் நாங்கள் மூன்றாம் பேர்.
ஏழாம் பேர் ஃபர்ரூக்:
வாய்க்கால் தகராறில்
என் மாமனார் கையை மண்வெட்டியால் கொத்தியவன்.
ஒருவன் ஓடினால் ஒன்பது பேர் கட்ட வேண்டும்.
அன்றிரவு முதன்முதலாக
ஃபர்ரூக்கின் இருமலைக் கேட்டுக்
கவலைப்பட்டது எங்கள் வீடு.

பனி உருகியதும் பத்துக்கு ஓர் ஆள் கேட்டார்கள்.
வாதுமைக் கொட்டைகளில் ஒன்றுக்குக் கரி தடவி
பானையில் போட்டுக் குலுக்கினோம்.
மிஹ்ராப் விரலில் கரி ஒட்டியது.

ஏதோ ஒரு நகரத்தின் அகழியைத் தூர்க்க
மண்கூடை சுமந்து போனவர்கள்
கூடையோடு அதிலேயே விழுந்தார்களாம்.
மதில்மேல் நின்று அம்பு விட்டவர்கள்
திட்டியதும் எங்கள் மொழியில்தானாம்.
திரும்பி வந்த ஒருவன் சொன்னது இவ்வளவு.
காலில் செருப்பு இருந்ததா என்று கேட்டேன்.
அவனுக்கு நினைவில்லை.

ஏட்டில் மிஹ்ராப் சாகவில்லை.
அடுத்த எண்ணிக்கை வரை
அடிக்க முடியாது என்றான் எழுத்தன்.
வருத்தத்தோடுதான் சொன்னான்.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது;
எனக்கு வாய்த்தது ஏட்டுக் கணவன்.
ஆண்டுக்கு நாலு வெள்ளி, ஒரு மூட்டை பார்லி,
அஞ்சல் குதிரைக்கு முறை வைத்துப் புல்.
உயிரோடிருந்தபோது
இத்தனை செலவு வைத்ததில்லை அந்த மனிதன்.

வெள்ளி ஒன்று குறைந்த வருடம்
கேட்காமலே கொண்டுவந்து வைத்தான் ஃபர்ரூக்.
அன்பு என்று நினைத்துவிடாதீர்கள்.
பயம். இருவருக்கும் தெரியும்.
ஆனால் பயம் வந்து தட்டினாலும்
கதவைத் திறந்துதானே ஆக வேண்டும்.
திறந்து திறந்து
கீல் பழகிவிட்டது.
அவன் மகனுக்கே என் கோலாந்தாமைக் கட்டிக்கொடுத்தேன்,
பத்துக்கு வெளியே கொடுத்தால்
கணக்கு இடிக்கும் என்றார்கள்.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில்
வரி கேட்க யாரும் வரவில்லை.
கான்களுக்குள் பங்காளிச் சண்டை என்று பேச்சு.
வெள்ளியைத் துணியில் முடிந்துகொண்டு
களத்தில் மூன்று நாள் காத்திருந்தோம்,
சமைத்து வைத்துவிட்டு
விருந்தாளி வராத வீட்டுக்காரர்களைப்போல்.
நாலாம் நாள் அவரவர் வெள்ளி அவரவருக்கு.
அது கையில் கனத்தது.

எண்ணியவர்கள் போய்விட்டார்கள், சரி.
தண்ணீரை இன்னும் பத்துப் பத்தாகத்தான் திறக்கிறோம்.
எங்கள் பத்துப் பிள்ளைகள்
அடுத்த பத்துப் பிள்ளைகள்மேல் கல்லெறிகிறார்கள்.
ஏன் என்று கேட்டால் முறைக்கிறார்கள்.

நேற்று வேறு குதிரைகள் வந்தன.
வேறு கொடி, வேறு தொப்பி.
தலைவன் இறங்கி வாய் திறக்குமுன்
நாங்கள் வரிசையில் நின்றிருந்தோம்,
பத்துப் பத்தாக,
யாரும் சொல்லாமல்.
எனக்கு இடப்பக்கம்
ஓர் ஆள் நிற்கும் அளவு
நானே இடம் விட்டிருந்தேன்.