நிருபர் கேட்டது

சித்ரா என்றால் ஊரில் ஒரு பெண்ணின் பெயர்.
இங்கே அது எண்ணெய்த் தொட்டிகள் நிற்கும் தீவு.
"சித்ராவோடதான் இருக்கேன்" என்று
வீட்டுக்குப் போன் போட்டுச் சிரிக்கவைப்பான் பரஞ்சோதி.
அதை யாரும் எழுதவில்லை.

ஐந்து நிமிடம் பேசினார் நிருபர்.
பெயர், வயது, எத்தனை மாதச் சம்பளம் பாக்கி.
பிறகு, எப்படி?
எந்த நேரம், முதலில் பார்த்தது யார்,
மறுபடியும், எப்படி?
துக்கத்தில் இருப்பவனிடம்
யாராவது தொடர்ந்து கேட்டால் போதும்,
நாக்கு தானாக அவிழ்ந்துவிடுகிறது.
சொன்னேன். எல்லாம் சொன்னேன்.
இங்கே சொல்லமாட்டேன்.

இரவு பத்து மணிக்குள்
கேம்ப்பின் அத்தனை போனிலும் வந்துவிட்டது:
பஹ்ரைனில் தமிழர் விபரீத முடிவு.
பரபரப்பு. உருக்கம்.
எங்கள் அறைக்குச் சிவப்பு வட்டம், ஒரு அம்புக்குறி.
பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியதில்
அவன் முகம் கட்டம் கட்டமாய் உடைந்திருந்தது.
பின்னணியில் யாரோ வயலின் வேறு வைத்திருந்தார்கள்.

காரணம் ஒரே வரி: சம்பளம் வராததால்.
மூன்று வருடமாய் அவன் சரியாகத் தூங்காததும்,
டாக்டரைப் பார் என்று
நான் ஒருமுறைகூடச் சொல்லாததும்
அந்த வரியில் இல்லை.

மேல்கட்டிலில் நாகூர்கனி.
தொண்டிக்காரன். இருபத்துமூன்று வயது.
நான்கு இரவாய்ப் போர்வைக்குள் ஒரு வெளிச்சம்
அணைந்து அணைந்து எரிந்தது.
அதே வீடியோ.
சத்தத்தைக் குறைத்திருந்தாலும்
அந்த வயலின் எனக்குத் தெரியும்.

ஐந்தாம் இரவு குனிந்து கேட்டான்:
"அண்ணே, அவரு போன மறுநாளே
எல்லாருக்கும் சம்பளம் போட்டுட்டாங்கள்ல?"
குரலில் அழுகை இல்லை.
கணக்குப் பார்க்கும் குரல்.
ஏசி ஓடிக்கொண்டிருக்க எனக்கு வேர்த்தது.

இறங்கி வா என்றேன்.
அதற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை
நாற்பத்தொரு பேர் லேபர் ஆபீஸ் வாசலில்
வெயிலில் நின்றோம். நீ டூட்டிக்குப் போயிருந்தாய்.
அன்றைக்கே கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது.
பேங்க் வழியாய் வந்து சேர ஒன்பது நாள்.
அவன் சாவு ஒரு தினார்கூட வாங்கித் தரவில்லை, கேள்.
அந்தத் தாளில் பதினேழாவது கையெழுத்து அவனுடையது.
'ஞ்'சை மட்டும் சுழித்துச் சுழித்துப் போடுவான்.
பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

பிறகு நேராகவே கேட்டேன்,
நீயும் அப்படி நினைக்கிறாயா?
கேட்டால் அந்த நினைப்பை
நானே ஊட்டிவிடுவேனோ என்று
நான்கு நாள் விழுங்கிவைத்திருந்த கேள்வி.
தலையாட்டினான்.
கேட்டதற்கே பாதி அழுதுவிட்டான்,
மீதியை விடியும்வரை.

சல்மானியா ஆஸ்பத்திரியில் டோக்கன் அறுபத்திரண்டு.
மலையாள நர்ஸ் "நாகூர் கன்னி" என்று கூப்பிட,
வரிசையே திரும்பிப் பார்த்தது.
அவனுக்குச் சிரிப்பு வந்தது.
எனக்குத்தான் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.
டாக்டர் கதவைச் சாத்தி நெடுநேரம் பேசினார்.
அடுத்த வாரமும் வரச்சொன்னார். அதற்கடுத்த வாரமும்.

இன்று நிருபர் மறுபடி கூப்பிட்டார்.
"உங்க ரூம்ல இன்னொரு பையனும்னு கேள்விப்பட்டேன்..."
இருக்கிறான். வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறான்.
"அப்புறம்?"
அப்புறம் ஆணம் காய்ச்சுவான்.
"அதில்ல சார், எப்படி..."
எப்படியா? எழுதிக்கொள்ளுங்கள்:
எண்ணெய் காய்ந்ததும் பட்டை, சோம்பு.
சின்ன வெங்காயம்தான், பெரியது கூடாது.
தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி
கொதிக்க விடாமல் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

வைத்துவிட்டார்.
நாகூர்கனி கரண்டியை நீட்டுகிறான்,
உப்புப் பார்க்க.