கழுத்தளவு

ஓரத்தில் ஓர் ஆணித் துளை.
பெஸ்ஸமரில் ஒரு கோழிக்கூட்டின் கூரை ஓட்டையைப்
பத்து வருடம் அடைத்துக்கொண்டிருந்ததாம் இந்த இசைத்தட்டு.
வெந்நீரும் சோப்பும் போதவில்லை.
பல்குத்தும் குச்சியால் எச்சத்தைச் சுரண்டினேன்,
வரி வரியாக, அரை நாள்.

லேபிளில் குழுவின் பெயரில் எழுத்துப் பிழை.
நால்வரின் பெயரும் இல்லை.
விலை மட்டும் தெளிவாக: எழுபத்தைந்து சென்ட்.

ஊசியை இறக்குகிறேன்.
முதலில் மழை.
இல்லை, மழை என்றால் அழகாகிவிடும்:
கடுகு தாளிக்கிற சத்தம்.
அதற்கும் கீழே, சுரங்கத்தின் கடைசித் தட்டில் நின்றபடி
ஹோசியா டாரன்ட் தொடங்குகிறான்.
மூன்று பேர் அவன் தோளில் ஏறி நிற்கிறார்கள்.

அட்லாண்டா, இருபத்தெட்டாம் வருடம், ஆகஸ்ட்.
ஓட்டலின் முன்வாசல் அவர்களுக்கு இல்லை;
சரக்கு லிஃப்டில்,
விரிப்பு மூட்டைகளோடு ஆறாவது மாடி.
சுவரெல்லாம் கம்பளி. மின்விசிறி கூடாது.
மெழுகு இளகியிருந்தது, அவர்களும்.
ஹோசியாவின் கால் சும்மா இருக்காது என்று
பூட்ஸுக்கு அடியில் தலையணை வைத்தார்கள்.
தலையணையையும் மீறி
இரண்டாவது மிதி கேட்கிறது. கேளுங்கள்,
அதோ.

சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மணி நேரம் ஓடும் பாட்டு அது.
ஆற்றில் இறங்குகிறான் ஒருவன்,
தண்ணீர் கணுக்கால், தண்ணீர் முழங்கால்,
அவசரமே இல்லை, ஒவ்வோர் அளவுக்கும் ஓர் ஆமென்,
இடுப்பு, மார்பு,
கழுத்து

விளக்கு.

அவ்வளவுதான் தட்டு.
நாற்பத்தாறு வருடமாக யோர்தானின் நடுவில்
கழுத்தளவு நீரில் நிற்கிறான் அந்த ஆள்.
எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. சிரிப்பீர்கள்.

வெர்டெல் டாரன்ட் சிரித்தாள்.
சட்டைக் காலருக்குக் கஞ்சி தெளித்துக்கொண்டே,
இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமல்:
"இருபது டாலர் கொடுத்தாங்க, நாலு பேருக்குமா.
அதுல என் வீட்டுக்காரர் ஒரு தொப்பி வாங்கினாரு.
பாட்டா? அதை ரயில்ல முடிச்சாங்க.
எஞ்சினுக்கு அடுத்த பெட்டி, நம்ம ஆளுங்க பெட்டி,
கரி பூரா மூஞ்சியில.
பாதியில விட்டா ஆம்ஸிக்குத் தூக்கம் வராது.
அனிஸ்டன் தாண்டுறதுக்குள்ள
அந்த ஆளைக் கரை ஏத்திட்டாங்க.
பெட்டியே எழுந்து நின்னுச்சாம்."

எப்படி ஏற்றினார்கள், அந்த அடிகள் என்ன என்றேன்.
காலரைத் திருப்பிப் போட்டாள்.
"நான் அந்த ரயில்ல இல்லையே" என்றாள்.

திரும்பி வந்து அட்டையில் எழுதினேன்:
மூன்று நிமிடம் நான்கு விநாடி. நிலை, மோசம்.
பிறகு கடைசி அங்குலத்தை மறுபடி ஓட்டினேன்.
கழுத்து என்ற சொல்லுக்கும் வெற்றுக் கோட்டுக்கும் நடுவே
இத்தனை நாள் கீறல் என்று விட்டுவைத்த ஒன்று.
கீறல் இல்லை.
விளக்கைப் பார்க்காத ஆம்ஸி
அடுத்த அடிக்கு மூச்சு இழுக்கிறான்.