நாற்பத்தொன்று வரை

சோஹார் துறைமுகச் சாலை, மூன்றாம் கேட்.
இரவு ஒன்றரைக்கு மேல் வண்டி குறையும்.
பதிவேட்டில் நான்கு கட்டம்:
நேரம், வண்டி எண், ஓட்டுநர், கையெழுத்து.
ஐந்தாவது நான் சேர்த்துக்கொண்டது,
கடைசிப் பக்கங்களில், பென்சிலில்.

வருகிற எண்ணை வகுத்துப் பார்ப்பேன்.
இரட்டைப்படை என்றால் தடுப்புக் கம்பி உயர்வதற்குள் முடிந்தது.
ஐந்தில் முடிவதும் அப்படியே.
இலக்கங்களைக் கூட்டி மூன்றுக்கு ஒரு தட்டு.
ஏழிலிருந்துதான் வேலை.

குல் ஸமானின் தண்ணீர் டேங்கர் 1763.
டீ நீட்டினால் நெஞ்சில் கை வைப்பான், வாங்கமாட்டான்.
உள்ளே ஏசி இருக்கிறது, வா என்றால்
டயரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வான்.
முதல் வாரமே அந்த எண்ணைப் பிடித்தேன்.
ஏழு: மீதி ஆறு.
பதினொன்று: மூன்று.
பதின்மூன்று, எட்டை விட்டுவிட்டுப் போனது.
பத்தொன்பதும் இருபத்து மூன்றும்
பேசிவைத்தாற்போல் ஆளுக்குப் பதினைந்து.
முப்பத்தேழு வரை போனேன், இருபத்து நாலு மீதி,
அதற்குள் சிமெண்ட் லாரி ஹாரன் அடித்தது.
பகா எண் என்று எழுதி அடிக்கோடிட்டேன்.
ஆளைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது.

தமிழில் அந்தச் சொல் கொஞ்சம் கொடூரம்.
பகா.
பங்கு போட வராதது.

ஆகஸ்டில் ஓர் இரவு
கடற்காற்று கண்ணாடிக்கு வெளியே தண்ணீராய் வழிந்தது.
வண்டி இல்லை. பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
கணக்கு முடியவே இல்லை.

நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டு 1764.
ஒன்றே ஒன்று கூடுதல்.
அதற்குக் கீழே எல்லாரையும் விசாரித்தாக வேண்டும்,
மேலே ஒருவரையும் கேட்க வேண்டாம்:
பெரிய வகுத்தி தனியே வராது,
சின்னது ஒன்றின் கையைப் பிடித்தே வரும்,
சின்னதைத்தான் ஏற்கெனவே பார்த்திருப்போமே.
நான் ஓர் ஆளை விட்டிருந்தேன்.
நாற்பத்தொன்று. கடைசி ஆள்.
அந்த வாய்ப்பாடு யாருக்கு மனப்பாடம்?

நூற்று எழுபத்தாறில் நாலு தடவை, மிச்சம் பன்னிரண்டு.
மூன்றை இறக்கினேன்.
நூற்று இருபத்து மூன்று.
மூன்று தடவை.
பூஜ்யம்.

அடிக்கோட்டை அழித்தேன்.
பென்சில் போனது, தாளில் பள்ளம் இருந்தது.

மூன்று பத்துக்கு டேங்கர் வந்தது.
இதைச் சொல்ல என் உருது போதாது.
நம்பர் பிளேட்டைக் காட்டி விரல்களை மடக்கினேன்:
நாலு, ஒன்று. பிறகு நாலு, மூன்று.
வயதைக் கேட்கிறேன் என்று நினைத்தான் போல.
முதல்முறையாகச் சிரித்தான்.
"பாஸ்போர்ட்டில் ஒன்று இருக்கிறது.
உண்மை என் அம்மாவுக்கும் தெரியாது."

கையெழுத்துப் போட்டான்.
டீ நீட்டினேன்.
நெஞ்சில் கை வைத்தான்.

அவனுக்குப் பின்னால் ஒரு டிரெய்லர், 1889.
கூட்டினால் இருபத்தாறு, மூன்று இல்லை.
இந்தத் தடவை
நாற்பத்து மூன்று வரை போக வேண்டும்.