சுயேச்சை

தேசிங்கு எழுதுவான்.
நான் அழிப்பேன்.
கடலூர் சுவர்களில் இருபத்தோரு வருசம்
எங்கள் இருவருக்கும் அதுதான் பிழைப்பு.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் நகராட்சி
இரண்டு மூட்டை சுண்ணாம்பும்
நார் உதிரும் மட்டை ஒன்றும் கொடுத்து அனுப்பும்.
மஞ்சக்குப்பத்தில் தொடங்கி
கெடிலம் பாலம் தாண்டித்
திருப்பாதிரிப்புலியூர் கூட்செட் வரைக்கும்
அவன் எழுதிக்கொண்டே போன வரிசையில்
நான் அழித்துக்கொண்டே போவேன்.

படிக்கிறவர்கள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப்
பஸ் பிடிக்க ஓடிவிடுவார்கள்.
எனக்குத்தான் ஒவ்வொரு எழுத்தும் கைக்குத் தெரியும்.
'ற'வின் காலை அவன் இழுத்து நிறுத்துகிற இடத்தில்
மட்டை ஒரு நொடி தயங்கும்.
சிவப்பு சுலபத்தில் போகாது.
மூன்று கோட்டுக்குப் பிறகும்
புண் ஆறுகிற நிறத்தில் கசியும்.
'வாக்களிப்பீர்' அவனுக்கு ஒரே மூச்சு.
எனக்கு இரண்டு பீடி.

"தண்ணியாப் போடு தனகோட்டி" என்பான்,
முதுநகர் டீக்கடையில், காசு அவன் கொடுக்கிற நாட்களில்.
"உள்ள கோடு தெரிஞ்சா
அடுத்த எலக்சனுக்கு நூல் அடிக்கிற வேலை மிச்சம்."
தண்ணியாகத்தான் போட்டேன்.
பாதி அவனுக்காக.
மீதி, ஒரு மூட்டையைக் காண்ட்ராக்டர்
வழியிலேயே விற்றுவிட்டதால்.

சுவரின் வலது மூலையில்
உள்ளங்கை அகலத்தில் அவன் பெயர் இருக்கும்.
'கு'வின் வால் மட்டும்
தூண்டில் முள்ளாக வளைந்து மேலேறும்.
என்னிடம் கொடுத்த பட்டியலில்
கட்சி இருந்தது, சின்னம் இருந்தது,
வேட்பாளர், தலைவர் படம் எல்லாம் இருந்தன.
தேசிங்கு இல்லை.
விட்டுவிட்டேன்.

ஊர் முழுக்க வெள்ளைச் சுவர்கள்.
அந்த வெள்ளையை வரைந்ததே தான்தான் என்பதுபோல
ஒவ்வொன்றின் மூலையிலும் அவன் கையெழுத்து.

வடக்கேயிருந்து வந்த தேர்தல் பார்வையாளர்
புதுப்பாளையம் பள்ளிக்கூடச் சுவரருகே ஜீப்பை நிறுத்தினார்.
தாசில்தார் இறங்கி வந்து கேட்டார்:
"யாருய்யா இந்த தேசிங்கு?
போற எடமெல்லாம் இருக்கான்.
எந்தக் கட்சி?"

"சுயேச்சை சார்."

அவர் சிரிக்கவில்லை.
பார்வையாளர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.
அழித்து முடிக்கும்வரை
இருவரும் வெயிலில் நின்றார்கள்.

சாயங்காலம் சொன்னேன்.
டீ மூக்கில் ஏற இருமி இருமிச் சிரித்தவன்
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"டெபாசிட்டாவது திரும்பி வருமா?"

அவன் செத்த அன்றைக்கு எனக்குக் கொசு மருந்து டூட்டி.
வண்டிப்பாளையம் வீடுகளில்
தொட்டி தொட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
செய்தி தெரிந்து போவதற்குள்
எடுத்துவிட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஐப்பசி மழை.
ஈரம் ஏறினால் சுண்ணாம்பு கண்ணாடியாகிவிடும்.
புதுப்பாளையம் சுவரில்
ஜெயித்தவன்மேல் தோற்றவன்,
தோற்றவன்மேல் அதற்கும் முந்தி ஜெயித்தவன்,
ஒருவர் காலில் இன்னொருவர் கொம்பு சிக்கிக்கொள்ள
நான்கு தேர்தல்களும் எழும்பி நின்றன.
சைக்கிளைச் சாய்த்துவிட்டு
வலது மூலைக்குப் போனேன்.

வெள்ளை.

அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நின்றதால்
என் வேலையில் ஒரே ஒரு தடவை
கெட்டியாகப் பூசிய இடம் அது.

சைக்கிள் சாவியால் சுரண்டினேன்.
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்
குடைக்குள்ளிருந்து வேடிக்கை பார்த்தார்கள்.
சுண்ணாம்பு நகத்துக்குள் போய் எரிந்தது.
முள் வரைக்கும் வந்தது.
அதற்குமேல் சுரண்டினால் காரையும் சேர்ந்து பெயரும்.