கேளாத தோடு

கரடிப்போக்குச் சந்தியில்
சைக்கிள் கடைக்குப் பின்னால் என் சூளை.
சூளையென்றால் புகையில்லை; மின்சாரப் பெட்டி,
ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டியளவு.
அது ஆயிரத்து இருநூறு பாகை ஏறும்வரை
கடைக்காரர் காற்றடிக்கிற மோட்டரைப் போடக்கூடாது என்று
எங்களுக்குள் ஒரு பேச்சு.

தவமொழி வந்தது ஒரு ஞாயிறு.
முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவள்.
இரண்டு காதிலும் வேப்பங்குச்சி.
"உலோகம் ஒண்டும் போடேலாது அக்கா,
கருவி கத்தும்.
ஆறு வருசமா ஓட்டை தூர்ந்துகொண்டு வருது.
வடிவு கிடிவு வேண்டாம். தூராமல் இருந்தாக் காணும்."
வாசல்வரை போய்த் திரும்பினாள்:
"கொஞ்சம் வடிவாவும் இருக்கலாம்."

எடை இல்லை, மாற்று இல்லை, சேதாரம் இல்லை.
சத்தம் வரக்கூடாது,
அவ்வளவுதான் வேலை.

முதலில் ஒட்டுசுட்டான் களிமண்.
உமி மாதிரி மெல்லிய இதழ் நாலு,
நடுவில் குண்டூசித் தலையளவு பள்ளம்.
வெந்து வந்தபோது பழுத்த பாக்கின் நிறம்.
பயிற்சித் திடலில் வைத்துக்
கருவியை மேலே பிடித்தாளாம்.
தோடு ஊளையிட்டது.
சிவப்பென்றால் இரும்பு.
படித்ததுதான், பரீட்சைக்கு எழுதினதுதான்,
கைக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

பிறகு வெள்ளை மண். பொரலஸ்கமுவவிலிருந்து
அரிசிப் பையில், இரவு பஸ்ஸில்,
ஓமந்தையில் நடத்துநர் "மாவா?" என்று கேட்ட மண்.
எட்டு வைத்தால் சூளையில் ஏழாகும்.
முதற் சோடி சிறுத்துப்போய்க் காதில் தேடவேண்டியிருந்தது.
அடுத்த சோடி திறம்; தண்டு முறிந்தது.
மூன்றாவது சூட்டில், ஆயிரத்து நூறு பாகையில்
ஊர் முழுக்கக் கரண்ட் போனது.
கடைக்காரர் எட்டிப் பார்த்து
"நான் மோட்டர் போடேல்லை" என்றார்.

தண்டை விட்டேன்.
சட்டைப் பொத்தான் போல இரண்டு துளை,
அதற்குள்ளால் முல்லைத்தீவில் வலை பின்னுகிற நைலோன் நரம்பு,
காதுக்குப் பின்னால் மெழுகுதிரியில் உருக்கிய முடிச்சு.
நீலம் பூச ஆசை. நீலத்துக்குள் கோபாற்று.
பூசவில்லை.
வெள்ளைமேல் வெள்ளைக் கோடுகள்,
ஆனையிறவு உப்புப் பாத்தி மாதிரி,
நகத்தால் தடவினால்தான் தெரியும்.

கருவி வாய் திறக்கவில்லை.
மேற்பார்வையாளர் நம்பாமல் இரண்டாந்தரம் பிடித்தாராம்.
அதைத் தவமொழி போனில் பதிந்து அனுப்பியிருந்தாள்.
பதினொரு விநாடி.
காற்று, ஒரு காகம், வேறொன்றுமில்லை.
மூன்று தரம் கேட்டேன்.

பதினேழு சோடிக்கு ஓடர் வந்தது.
கொழும்பில் ஒரு காட்சிக்கூடமும் எழுதியது:
மண் கண்ணிவெடி நிலத்து மண்தானே,
அட்டையில் அப்படிப் போட்டால் நல்லாயிருக்குமே.
நான் போட்டது:
வெள்ளை மண், பொரலஸ்கமுவ.
நரம்பு, முல்லைத்தீவு.
போட்டபடி குளிக்கலாம்.
அவர்கள் மறுபடி எழுதவில்லை.

வைகாசியில் தவமொழி ஒற்றைத் தோட்டோடு வந்தாள்.
முகக்கவசம் கழற்றும்போது மற்றது விழுந்துவிட்டது.
துப்புரவாக்கின துண்டுதான், பத்தடிக்குள்தான்.
ஆறு பெண்கள், ஆறு கருவி.
ஆணி வந்தது, தகரம் வந்தது, சோடா மூடி வந்தது,
யாரோ ஒருத்தியின் மூக்குத்திச் சுரை வந்தது.
அதைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லையாம்.
தோடு வரவில்லை.
"அவ்வளவு கெட்டித்தனமாச் செய்துபோட்டியள் அக்கா"
என்று சிரித்தாள்.

ஒற்றைக்கு என்ன விலையென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
வெறுங்காதிலிருந்த வேப்பங்குச்சியை உருவி
மேசையில் வைத்தாள்.
நான் பையை அவிழ்த்தேன்.
ஏழு வேண்டிய இடத்துக்கு
எட்டு.