வளையம்

வான் விற்ற கணக்கை
மயிலிட்டித் துறையில் வள்ளம் அவிழ்க்கும்வரை
திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார் றெஜினோல்ட்.

பட்டியல் வாசித்தது அபிசிகா.
"வால்வு? சுண்ணாம்பு நிரப்பியாச்சா? ஒட்சிசன்?"
பதினேழு வயது.
சோதனைக்குப் படிக்காமல் வந்த பிள்ளைகளைப்போல
எங்கள் இருவரையும் பார்த்தாள்.

மூக்கை இறுக்கி ஐந்து நிமிடம்.
விட்ட மூச்சே குழாயால் சுற்றிப்போய்
சுண்ணாம்பில் நஞ்சைக் கழற்றிவிட்டு
இளஞ்சூட்டோடு வாய்க்குத் திரும்புகிறது.

பிறகு கீழே.
குமிழியே இல்லை.
குமிழி விடாத மனிதரை
மீன்கள் கணக்கிலெடுப்பதில்லை.
ஓரா ஒன்று என் முழங்கையில் பாசி தேடியது.
இருபது வருடத்தில் முதல்முறையாக
அவர் பக்கத்தில் இருந்தும் சத்தமில்லை.

பன்னிரண்டு மீற்றரில்
தலையைத் தொட்டுக் காட்டினார். இடி.
எனக்குக் கை ஓடவில்லை.
அபிசிகா நீந்திப்போய்
மாற்றுச் சிலிண்டரை அவர் வாயில் கொடுத்தாள்.
பொல பொலவென்று குமிழிகள்.
ஓராக்கள் சிதறின.
அவரைப் பிடித்தபடியே ஏறினோம்.
அந்த இரைச்சலை
இவ்வளவு ஆசையாய் நான் கேட்டதில்லை.

வள்ளத்தில் வெகுநேரம் பேசாமலிருந்தார்.
பிறகு,
"தட்டித் தட்டி நிரப்பேல்லை. என்ர பிழைதான்."

சுண்ணாம்பைத்தானா என்று
நான் கேட்கவில்லை.
துவாயைக் கொடுத்தேன்.