நூற்றி இருபது

வேலை போன மாதமே ஓவன் வாங்கிவிட்டேன்.
பிறகு டப்பா, அதன்மேல் ஒட்ட
வாலாட்டும் ஒரு சின்னம்.
அந்த வாலின் வளைவுக்கே ஒன்பது நாள் ஆனது.
கேழ்வரகு, வேர்க்கடலை, பூசணி,
நாய்க்கு எது செரிக்கும் என்று
ராத்திரியெல்லாம் படித்தேன்.
கடித்தும் பார்த்தேன்.
உப்பில்லை, மற்றபடி குறையில்லை.

அல்சூர் வீட்டு அலமாரியில்
அறுபத்து நான்கு டப்பா.
இதுவரை வாங்கியவர் என் மைத்துனர்.
அவரிடம் நாய் கிடையாது.

"எலும்பு மாதிரி அச்சு ஒன்று கிடைத்தால்…" என்று
ஆரம்பித்தேன்.
கிளாடிஸ் பேசவில்லை.
மாவுச் சல்லடையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு
ஆபீஸ் கிளம்பினாள்.
வாசலில் நின்று சொன்னாள்:
"முப்பது போகட்டும், தர்றேன்."

மறுநாள் ஆறு மணி. ஏரிக்கரை. குளிர்.
நாய்கள் என்னிடம் நேராகத்தான் வந்தன,
மனிதர்கள்தான் கயிற்றைச் சுண்டினார்கள்.
பதினோரு பேருக்கு
குட்மார்னிங் மட்டும் விற்றேன், இலவசமாக.

பன்னிரண்டாவதாக ஒரு கிழட்டு லாப்ரடார்,
பின்னங்கால் இழுத்து இழுத்து.
கூட வந்த அம்மா கேட்டார்: "எஷ்டு?"
தொண்டையில் இருந்தது நூற்றி இருபது.
வாய் எண்பது என்றது.
அவர் என்னைப் பார்க்கவே இல்லை,
அது மெல்லுவதையே பார்த்திருந்தார்.
"நாளெ பர்த்தீரா?"

நாற்பது ரூபாய் நஷ்டம்.
நூற்றி இருபது, நூற்றி இருபது என்று
உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டே
வீட்டுக்கு நடந்தேன்.
சிக்னலில் நின்ற ஆட்டோக்காரர்
தலையை வெளியே நீட்டி
இமைகூடத் தட்டாமல் சொன்னார்:
"நூத்தம்பது. ஏறுங்க."